எங்கள் முகவரியில் ஒன்பது பேர்

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் வீடு. அப்பா வாடகைக்கு எடுத்தது. நான் பிறந்ததும் அங்கேதான். ஜூனில் இடவப்பாதி மழை தொடங்கிய சமயம், வீட்டின் சொந்தக்காரர் அதை விற்கப் போவதாகச் சொன்னார். நல்ல மனுஷர், முதலில் எங்களிடம்தான் கேட்டார். ஓணத்துக்குள் பேங்க் லோன் கிடைத்தால் வீடு எங்களுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளுக்கு.

பேங்கில் லோன் பார்க்கும் பெண் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள்.

"சேச்சி, ஸ்கோர் ரொம்பக் கொறவாணல்லோ. ரெண்டு லோன் எடுத்துட்டு அடைக்கலியே."

லோனா, நானா? பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி சர்க்கரை கேட்கவே கூசுகிறவள் நான். விஷயம் பிறகுதான் புரிந்தது. யார் யார் எங்கெங்கே கடன் வாங்கினார்கள் என்று சேர்த்து வைக்கிற கிரெடிட் கம்பெனி ஒன்றிலிருந்து ஜனங்களின் விவரமெல்லாம் திருடு போனதாகப் பேப்பரில் வந்ததே, அதில் என்னுடையதும் போயிருக்கிறது. எவனோ ஒரு பாவி என் பான் நம்பரையும் முகவரியையும் வைத்து போன் ஆப்பில் கடன் வாங்கிவிட்டான். அவன் விளங்குவானா!

போலீசில் புகார் கொடுத்தேன். அந்தக் கம்பெனிக்கும் எழுதினேன். பதில் வந்தது. உங்கள் முகவரியில் உங்கள் குடும்பம் போக இன்னும் ஒன்பது பேர் பதிவாகி இருக்கிறார்கள், அவர்களில் ஒருவரே உங்கள் பெயரில் கடன் வாங்கியிருக்கலாம், அது தெளிவாகும்வரை எதையும் திருத்த முடியாது என்று.

கோபத்துக்கு முன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. எல்லாம் அப்பா செய்த வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஹோட்டல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் வருகிறவர்களுக்கு இந்த மலையாள ஊரில் ஏது முகவரி? பேங்க், ரேஷன், கேஸ், எது கேட்டாலும் அப்பா எங்கள் வீட்டு நம்பரைக் கொடுத்துவிடுவார். அம்மா முணுமுணுத்தால், "நம்ம ஊர்க்காரப் பய, தெருவுலயா நிக்கச் சொல்லுத?" என்பார். அப்பா போன பிறகு நானும் அதையே செய்தேன். அக்கா என்று வந்து நிற்கிறவனிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தபாலை வாங்கிப் போக வருவார்கள். வந்தவன் சாப்பிடாமல் போனால் அம்மாவுக்குப் பொறுக்காது. கூடம் முழுக்க இலை போட்டிருக்கும். பாதி தமிழ், பாதி மலையாளம், ஒரே கூச்சல். அந்த மத்தியானங்கள் திரும்பி வராதா என்று இப்போதும் ஏங்குகிறேன். அவர்களில் ஒருவன் மூன்று வருஷம் எங்கள் மாடி அறையிலேயே இருந்தான். இன்று வித்துராவில் சொந்த ஹோட்டல் வைத்திருக்கிறான்.

வக்கீல் ஒரு வழி சொன்னார். அந்த வீட்டில் நான் ஒருநாளும் வசித்ததில்லை, அந்தக் குடும்பத்தோடு எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

"இப்போ இல்லன்னு மட்டும் போட்டாப் போதாதா சார்?"

"அப்போ முன்னாடி இருந்தாங்களான்னு கேப்பாங்க. பின்னே அதுக்கு ஒரு மாசம் ஆகும்."

போன் செய்தேன். ஒருவர் விடாமல் வந்தார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. வித்துராக்காரன் கடைசியாக வந்தான். தாளை இரண்டு தடவை வாசித்தான்.

"எக்கா, இது பொய்யில்லா?"

"பொய்தான்டே. ஓணத்துக்கு எட்டு நாள்தான் இருக்கு."

"அப்பம் சரி" என்று பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்.

கடன்கள் என் பெயரிலிருந்து நீங்கின. பேங்கும் லோன் கொடுத்தது. பத்திரம் பதிந்து பால் காய்ச்சிய அன்று, ஒரு குலை ரசகதலிப் பழத்தோடு வந்த வித்துராக்காரன் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"உள்ள வாடே. என்ன புதுசா நிக்க?"

"எப்படிக்கா வாறது? இந்த வீட்டுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லன்னுலா எழுதிக் குடுத்திருக்கேன்."

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்து, வந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அழுதுவிட்டேன்.