குழியில் விழுந்த யானைக்குட்டி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் கையிலிருந்து ஒரு படக்கதைப் புத்தகத்தைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஒவ்வொரு விரலாக விலக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அட்டையில் துதிக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு யானைக்குட்டி. அவள் திறந்து வைத்திருந்த பக்கத்தில் அது ஒரு குழிக்குள் கிடந்தது.

அப்போது விளாத்திகுளத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்தேன். என்னையும் ஒரு டீச்சரையும் தவிர வேறு ஆசிரியர்கள் இல்லை. சிறுபிள்ளைகளுக்கென்று படப் புத்தகங்கள் கட்டுக் கட்டாக வந்திருந்தன. முயல் கடல் பார்க்கப் போகும், ஆமை ரயிலேறும், நரி மழையில் மாட்டிக்கொள்ளும். கிழிந்தால் தலைமையாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் அவை பீரோவிலேயே இருந்தன. அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தால் வகுப்பின் குறுக்கே கயிறு கட்டி, துணி காயப்போடுவதுபோலத் தொங்கவிடுவோம். பிள்ளைகள் கைகட்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜீப் கிளம்பியதும் கயிறு அவிழ்ந்துவிடும்.

அன்று வந்த அதிகாரி, பிள்ளைகளிடம் கொடுங்கள் பார்ப்போம் என்றுவிட்டார். அவளுக்குக் கிடைத்தது யானைக்குட்டி. அவளுடைய அப்பாவும் அம்மாவும் சீமைக்கருவேலம் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுப்பவர்கள். அவள் நகக்கண்ணிலும் கரி இருக்கும். என் கண் அந்த விரல்கள்மேலேயே இருந்தது. ஜீப் தெருமுனை திரும்புவதற்குள் புத்தகங்களைத் திரும்ப வாங்க ஆரம்பித்துவிட்டேன்.

"சார், இன்னும் ரெண்டு பக்கந்தான். பாத்துட்டுத் தந்துருவா," என்றார் டீச்சர்.

"நாளைக்குப் பாக்கட்டும் டீச்சர். புத்தகம் எங்க ஓடியா போகப்போவுது?"

மறுநாள் பிரேயர் முடிந்ததும் என் மேசைக்கு வந்து நின்றாள். "சார், குட்டி ஏறிருச்சா?" நாளைக்கு என்றேன். அதற்கடுத்த நாளும் நாளைக்குத்தான். பிறகு அது பள்ளிக்கே ஒரு வேடிக்கையாகிவிட்டது. பெரிய வகுப்புப் பையன்கள் அவளைக் கண்டால், "ஏட்டி, ஒன் ஆன குழிக்குள்ளயே செத்துப்போச்சாம்லா," என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். கிழிந்துவிடும் என்று பயந்தேன் என்றால் அது பாதி உண்மை. சாவி என் சட்டைப்பையில் கிடப்பதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது.

அரைப்பரீட்சைக்கு முன்பே அந்தக் குடும்பம் கரிவேலைக்காக ராமநாதபுரம் பக்கம் போனது. சொல்லிக்கொள்ள வந்த அப்பா வாசலுக்கு வெளியேயே நின்றார். அவள் மட்டும் உள்ளே வந்து அதையே கேட்டாள். திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்றேன். அவள் திரும்பி வரவில்லை.

ஓய்வு பெற்றபோது, ஒரு புத்தகம்கூடக் கசங்கவில்லையே என்று எனக்குப் பின் பொறுப்பேற்றவர் வியந்தார். யானைக்குட்டி தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதைக் கோவில்பட்டி வீட்டுக்கு எடுத்து வந்தேன். கடைசி இரண்டு பக்கங்களை நான் புரட்டியதில்லை. அவள் பார்க்காததைப் பார்க்கக் கூசியது.

சென்ற மாதம் பஸ் ஸ்டாண்டில் டீச்சரைப் பார்த்தேன். அந்தப் பிள்ளை புதியம்புத்தூரில் துணி தைக்கும் கம்பெனியில் இருக்கிறாள் என்றார். மறுநாளே புத்தகத்தை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தாள். தலைமுடியில் நூல் துணுக்குகள். நான் யாரென்று தெரிந்ததும் அவள் கைகள் தாமாகவே கட்டிக்கொண்டன. மன்னிப்புக் கேட்டேன். அட்டையைப் பார்த்துச் சிரித்தாள்.

"இத இன்னமுமா வச்சிருக்கீய சார்?"

மகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கிறாளாம். அவளுக்குக் காட்டுகிறேன் என்று, சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டாள். அதற்குள் மணி அடித்துவிட்டது. பிரித்துப் பார்க்க நேரமில்லை. போன் நம்பர் மட்டும் சொல்லிவிட்டு ஓடினாள்.

நேற்று அழைத்தேன். மகள் பார்த்தாளா என்று கேட்டேன்.

"ஒரே அழுக சார், வேணும்னு. கையில குடுத்தா கிழிச்சிருவா. நீங்க தேடி வந்து தந்ததுல்லா? பீரோல வச்சிப் பூட்டியிருக்கேன்."

நீயாவது கடைசிப் பக்கத்தைப் பார்த்தாயா என்றேன். வேலைவிட்டு வரவே இருட்டிவிடுகிறது என்றாள். கிழித்தால் கிழிக்கட்டும் அம்மா, இப்போதே எடுத்துக் கொடு என்று கெஞ்சினேன். பின்னால் ஒரு சின்னக் குரல் எதையோ கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் என்னைச் சமாதானப்படுத்துவதுபோலச் சொன்னாள்.

"நாளைக்குக் குடுக்கேன் சார்."