டிப்பரை நிறுத்திய கோவிந்தா

நாலு பேர் எதிரில் வாய் திறக்கவே கூசுபவள் நான். சித்தூர்–திருப்பதி சாலையை நாலு வழியாக அகலப்படுத்தியபோது, பாகாலா பக்கம் ஜல்லி பரப்பும் வேலையில் இருந்தேன். ஒரு நாள், குனிந்து ஜல்லி தள்ளிக்கொண்டிருந்த என் கூட்டாளி செல்வியை நோக்கி டிப்பர் லாரி பின்பக்கமாக வந்தது. கத்தினேன். ரோலர் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திருமலைக்கு நடந்துபோகும் கூட்டம் சாலையோரமாக வந்துகொண்டிருந்தது. அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தி, "கோவிந்தா!" என்று அலறினேன்.

"கோவிந்தா! கோவிந்தா!" என்று மொத்தக் கூட்டமும் முழங்கியது. என்னவோ என்று தலையை நீட்டிப் பார்த்த டிரைவர், பின்னால் செல்வி குனிந்திருப்பதைக் கண்டு சட்டென்று பிரேக் போட்டார். செல்விக்கு ஒரு முழம் முன்னால் சக்கரம் நின்றது.

"ஊமையாட்டம் இருந்துகினு, இம்மாங் கொரல எங்கடி ஒளிச்சி வெச்சிருந்த?" என்று செல்வி அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள்.

இப்போதும் பஸ்ஸில் அந்த இடத்தைத் தாண்டும்போது, வெட்கப்படாமல் "கோவிந்தா!" என்று குரல் கொடுக்கிறேன். பஸ் முழுவதும் பதில் சொல்கிறது.