கதாநாயகி சொல்லாத பெயர்

ஒரு கையில் அகப்பையும் மறுகையில் நாவலுமாக மச்சாள் குசினியில் அப்படியே நின்றுவிட்ட ஒரு சனிக்கிழமைக் காலை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. எழுபதுகளின் நடுப்பகுதி. மெல்பேர்னில் படிக்க வந்த நான் ஸ்பிரிங்வேலில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தேன். அண்ணனின் மனைவியான மச்சாள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்தார். கறி அடிப்பிடித்து மணந்த பிறகுதான் தலை நிமிர்ந்தார். "இந்தப் பொம்பிளை புத்தகம் முழுக்க ஒருக்காலும் புருசன்ரை பேரைச் சொல்லேல்லை," என்றார். கறி போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவர் ஆய்வுக்கு எடுத்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க நாவலாசிரியை ஒருவரை. கணவர் வியாபாரத்தில் நொடித்துப்போக, சமையல் மேசையிலேயே எழுதி எழுதிக் குடும்பத்தைக் கரைசேர்த்தவர். நாவல்கள் விறுவிறுவென்று விற்றன. ஆனால் எல்லா அட்டைகளிலும் 'திருமதி' என்று போட்டு, கணவரின் பெயரையே அச்சடித்திருந்தார்கள். கடைசி நாவலின் கதாநாயகியோ கணவனைப் பெயர் சொல்லி அழைப்பதே இல்லை. விமர்சகர்கள் அதை அவசர எழுத்தின் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட்டார்கள்.

மச்சாளின் கண்ணுக்கு அது தப்புமா? அண்ணனை 'இஞ்சருங்கோ' என்பதைத் தவிர அவர் வேறெப்படியும் கூப்பிட்டதில்லை. அதே பழக்கத்தில், கதாநாயகியும் மரியாதைக்காகத்தான் பெயர் சொல்லவில்லை என்று நினைத்து ஓர் அத்தியாயமே எழுதிக் கொடுத்தார். மேற்பார்வைப் பேராசிரியர் சிரித்துவிட்டார். அமெரிக்காவில் அப்படியொரு வழக்கமில்லை, இந்த அத்தியாயத்தை எடுக்காவிட்டால் ஆய்வு தேறாது என்றார்.  மச்சாள் அந்த நாவலாசிரியையின் நாவல்களை எல்லாம் மறுபடி முதலிலிருந்து படித்தார். அத்தியாயத்தை எடுக்கவில்லை, முழுதாகத் திருப்பி எழுதினார்.

தேர்வுக் குழுவின் முன் அவர் பேசிய அன்று அண்ணனும் நானும் கடைசி வரிசையில் இருந்தோம்.  அமெரிக்காவில் இல்லாத வழக்கம் இந்த நாவலில் எப்படி வந்தது என்று, நாங்கள் எதிர்பார்த்தபடியே பேராசிரியர் கேட்டார். மச்சாள் ஆங்கிலத்தில் நிதானமாகப் பதில் சொன்னார். முந்திய நாவல்களில் மனைவிமார் பக்கத்துக்குப் பக்கம் கணவன் பெயரைச் சொல்கிறார்கள், கடைசி நாவலில் மட்டும் இல்லை, ஆகவே இது கவனக்குறைவு அல்ல என்றார். "எங்கள் ஊரில் பெண் கணவரின் பெயரைச் சொல்வதில்லை. இந்த நாவலாசிரியைக்கோ சொல்லிக்கொள்ள வேறு பெயரையே விட்டுவைக்கவில்லை. வெளியே அட்டையில் கணவர் பெயரைச் சுமந்தவர், உள்ளே தன் கதாநாயகியை அப்படிச் சுமக்க விடவில்லை."

குழுவில் மூத்தவர் பேனாவைக் கீழே வைத்தார். இந்த நாவலைப் பலமுறை படித்திருக்கிறேன், இன்றுதான் விளங்கியது என்றார். முதலில் எழுந்து கைகொடுத்தவர் அந்த மேற்பார்வைப் பேராசிரியர்தான். எனக்கோ கதிரையில் ஏறி விசிலடிக்க வேண்டும் போலிருந்தது. அண்ணன் என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, தான் எழுந்து நின்று கைதட்டினார்.

இந்த வருடம் அந்த நாவல் மறுபதிப்பாக வந்திருக்கிறது. இப்போது அட்டையில் இருப்பது ஆசிரியையின் சொந்தப் பெயர். அதன் கீழே, முன்னுரை எழுதியவராக, அண்ணனின் பெயர் ஒட்டாத மச்சாளின் பெயர். பதிப்பகத்தார் தாங்களாகவே இப்படிப் போட்டார்களா என்று தொலைபேசியில் கேட்டேன்.

"இல்லை, நான்தான் கேட்டனான்," என்றார் மச்சாள். "ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டனான்."