கூரைக்கு வெளியே நீளும் கால்கள்

ஒரகடத்தில் கார் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தரச்சோதனைப் பிரிவில் இருந்தவர்கள் நாங்கள் இருவரும். நான் ஸ்ரீபெரும்புதூர்க்காரன், நண்பனுக்குத் தென்காசிப் பக்கம். வேலையை விட்டுவிட்டு, படப்பையில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து மொபைல் கேம் செய்தோம். ஷேர் ஆட்டோ ஓட்டும் கேம். ஓரளவு ஓடவும் செய்தது.

அதில் ஒரு பிழை இருந்தது. ஆட்டோ நிறைந்த பிறகும் ஆட்கள் ஏறிக்கொண்டே இருப்பார்கள். உள்ளே இடமில்லாமல் கூரையைப் பொத்துக்கொண்டு கால்கள் வெளியே நீளும். தரச்சோதனை செய்தவர்களுக்கு இதைவிட மானக்கேடு வேண்டுமா? மற்றதையெல்லாம் ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் சரிசெய்தோம். அடுத்ததாக, போன் சூடாவதையும் குறைத்தோம். உண்மையில் கஷ்டமான வேலை அதுதான்.

அப்டேட் வெளியான மறுநாளே ஸ்டார்கள் சரிந்தன. 'ஆளுங்க ஏற மாட்றாங்க. இன்னா அப்டேட் இது?' என்று ஒருவர். 'எங்க வாலாஜாபாத் ரோட்ல வந்து பாருங்க, எத்தினி பேர் ஏறுறாங்கன்னு' என்று இன்னொருவர். போன் சூடு குறைந்ததைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை.

நண்பன் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினான். அளவுக்கு மீறி ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு என்றும் விளக்கினான். 'நீங்க என்ன ஆர்டிஓவா?' என்று ஒரே வரியில் பதில் வந்தது.

"பழையபடி ஏத்திடலாம்டா," என்றேன்.

"தப்பைத் திரும்பவும் வைக்கச் சொல்லுதியா? கம்பெனியில இப்படிப் பண்ணியிருப்பமால?"

"கம்பெனியில யாரும் தப்பு வேணும்னு கேக்கலியே."

இரண்டு நாள் முறைத்துக்கொண்டிருந்துவிட்டு ஒத்துக்கொண்டான். ஆனால் தானாக வந்த பிழையை வேண்டுமென்று வரவழைப்பது லேசாக இல்லை. எப்படிச் செய்தாலும் ஆட்கள் ஒழுங்காக உட்கார்ந்தார்கள். பழைய புரோகிராமை அப்படியே திரும்பப் போட்டால் போன் மறுபடி சூடாகும். அதைத் தோண்டி எடுத்துப் பார்த்தும், பிழை எப்படி வந்தது என்று எங்களுக்கே விளங்கவில்லை. கடைசியில் ஒவ்வொரு காலையும் கூரைக்கு வெளியே தனித்தனியாக வடிவமைத்தோம். பிழையைத் திருத்தியதைவிட அதைச் செய்வதற்குத்தான் அதிக நாள் பிடித்தது.

வெளியிட்டோம். 'கால் முன்ன மாதிரி இல்ல. கொஞ்சம் கம்மியா நீட்டுது' என்றார் வாலாஜாபாத்காரர். நண்பன் கேமில் அந்தக் கால்களை இன்னும் கொஞ்சம் நீட்டினான். அதற்குப் பிறகு அவரே ஐந்து ஸ்டார் கொடுத்தார். கூடவே எழுதியிருந்தார்: 'இப்ப ஓகே. ஹாரன்தான் சைக்கிள் பெல் மாதிரி கீது.'

திருத்த வேண்டியவை என்று நாங்கள் வைத்திருந்த பட்டியலில் ஹாரனே கிடையாது. நண்பன் 'பரிசீலிக்கிறோம்' என்று பதில் போட்டுவிட்டு, படப்பை பஸ் ஸ்டாப்புக்குப் போய் ஹாரன் சத்தத்தைப் பதிவுசெய்ய ஒரு ஷேர் ஆட்டோ முன்னால் போனை நீட்டிக்கொண்டு நின்றான். விஷயத்தைக் கேட்ட டிரைவர், உள்ளே காத்திருந்தவர்களைப் பற்றிக் கவலைப்படாமல், வேண்டிய மட்டும் ஹாரன் அடித்துக் காட்டினார்.

"இன்னும் நீளமா வேணுமா தம்பி?" என்று கேட்டார்.

"வேணும்ணே," என்றான்.