வடிகானை மூடச் சொன்ன ஆள்

எனக்குக் கடிதம் எழுதும் வருத்தம், அதாவது வியாதி, உண்டு. முப்பது வருடம் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகும் அது மாறவில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் கடிதம், கட்டாக்காலி மாடு ரோட்டில் படுத்தால் கடிதம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி கோப்பில் போடுவேன். அப்படிச் சேர்ந்த பதினான்கு கோப்புகளால் அலுமாரியில் மனைவியின் சாரிகளுக்கு இடமில்லாமல் போனது. அவளுடைய ஏச்சுத் தாங்காமல் மருமகன் எல்லாத் தாள்களையும் போனில் படமெடுத்து, கேட்டால் பதில் சொல்லும் ஏஐ ஒன்றுக்குள் ஏற்றித் தந்தார். இனி எதையும் தேட வேண்டாம், கேட்டாலே போதும் என்றார்.

பதினான்கில் மூன்று கோப்புகள் ஒரே ஒரு வடிகானைப் பற்றியவை. எங்கள் பக்கத்தில் வீடும் அது நிற்கும் வளவும் பெண்ணுக்குத்தான். மாமனார் ஒரு வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். மூத்தவளைக் கட்டி நான் வந்தேன். இளையவளைக் கட்டி, கல்முனைச் சந்தையில் ஆண்கள் உடுத்தும் சாரம் விற்கும் என் சகலன் வந்தார். என் பக்கம் மேடு, அவர் பக்கம் பள்ளம். இரண்டு வளவுத் தண்ணீரும் நடுமதிலோரமாக ஓடி, கேற்றடியில் தெருக்கானில் விழும். ஒன்பது வருடத்துக்கு முன்பு தெருவுக்குக் கொங்கிரீட் போட்டபோது அந்த வடிகானின் வாயை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து மாரி தொடங்கினால் சகலன் வீட்டுக் குசினி அடுப்படியில் கணுக்கால் அளவு தண்ணீர்.

நான் விடவில்லை. வருடம் தவறாமல் பிரதேச சபைக்கு எழுதினேன். குடியிருப்பாளர் கேட்டதால்தான் மூடினோம் என்று அவர்கள் ஒருமுறை பதில் போட்டார்கள். அதோடு எனக்குக் கோபம் தலைக்கேறியது. எந்த மடையன் கேட்டான், பெயரைச் சொல்லுங்கள் என்று இன்னும் காரமாக எழுதினேன். சகலன் ஒவ்வொரு கடிதத்தையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தமிழ் நல்லா வந்திருக்கு காக்கா என்பார்; மூத்தவன் என்பதால் அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார். எனக்கு அது போதும்.

இந்த வருடம் மாரிக்கு முன்பே அந்த ஆளைக் கண்டுபிடித்து விஷயத்தை முடித்துவிட நினைத்தேன். ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பால் தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஏஐயிடம் கேட்டேன்: "வடிகானை மூடச் சொன்ன பொறுப்பற்ற ஆள் யார்? என் கோப்புகளில் ஏதாவது தடயம் இருக்கிறதா?"

ஒரு நொடிகூட எடுக்கவில்லை. "ஆம், இருக்கிறது. ஒன்பதாம் கோப்பிலுள்ள கடிதத்தின்படி, வடிகானின் வாயை மூடுமாறு கேட்டவர் தாங்களே. மகளின் திருமணப் பந்தலுக்குச் சமதரை தேவை என்பதையும், துர்நாற்றத்தையும் காரணமாகக் குறிப்பிட்டுள்ளீர்கள்."

திரும்பப் பார்த்துச் சொல் என்றேன். உடனே மன்னிப்புக் கேட்டது. அடடா, தவறை ஒத்துக்கொள்ளும் பிறவி ஒன்றாவது இந்த வீட்டில் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு அதே பதிலைத்தான் தந்தது, இம்முறை கடிதத்தின் படத்தோடு. கார்பன் பிரதி, கையொப்பம் இல்லை. ஆனால் 'மேற்படி விடயத்தில் தங்களது மேலான கவனத்தை ஈர்க்கும் முகமாக' என்று ஆரம்பிப்பவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

அத்தோடு விட்டதா? கேளாமலே இன்னொரு உதவியும் செய்தது. "பின்னர் எழுதிய கடிதங்களில் அந்த நபரைத் தாங்கள் 'தூரநோக்கற்றவர்', 'அயலவர் துன்பம் அறியாதவர்', 'மூளையை அடகு வைத்தவர்' என வர்ணித்துள்ளீர்கள். பட்டியல் தயாரித்துத் தரட்டுமா?" என்று கேட்டது. போனைக் கவிழ்த்து வைத்தேன். தேத்தண்ணி ஆறிப் போயிருந்தது.

மறைத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படத்தை அழித்தால் யாருக்குத் தெரியப் போகிறது? ஆனால் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்றாம் நாள் சகலன் வீட்டுக்குப் போனேன். அவர் விறாந்தையில் இருந்தார். மனைவியின் தங்கை குசினிக்குள் மாவை, அரிசியையெல்லாம் மேல் தட்டுக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள். மாரி வருகிறதல்லவா. நான் தொண்டையைச் செருமி, விஷயத்தைச் சொல்லி, வெட்கமாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

சகலன் அசையவில்லை. "எனக்குத் தெரியும் காக்கா. அந்தக் கடிதத்துல ரெண்டாவதா இருக்கிறது என்ட கையெழுத்துதான்."

ஏன் இத்தனை காலம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நம்முட புள்ளட கலியாணம். தண்ணி வருமெண்டு அண்டைக்கு ஆரு கண்ட? பொறகு பாத்தா நீங்க மறந்துட்டீங்க. நல்லா ரசிச்சு எழுதிட்டு இரிந்தீங்க, ஏன் மனசை நோகடிப்பான் எண்டு விட்டுட்டன்."

எனக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு சகலன் யாருக்குக் கிடைப்பான் என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் பிடித்துக்கொண்டார். குசினி வாசலில் மனைவியின் தங்கை வந்து நின்றதை அப்போதுதான் கண்டோம். அவளுடைய கையில் அரிசி வாளி இருந்தது.

"ஒங்களுக்கு அவர் நோகக் கூடாது, அவருக்கு நீங்க நோகக் கூடாது," என்றாள். "ஒம்பது வருசமா தண்ணி அள்ளின ஆரு மச்சான்?"

பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள். சகலன் என் கையை விட்டார்.

வீட்டுக்கு வந்து போனை நிமிர்த்தினேன். இத்தனை கடிதங்களில் அந்தக் குசினியில் தண்ணீர் அள்ளிய பெண்ணைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறேனா என்று கேட்டேன். "இல்லை. எல்லாக் கடிதங்களிலும் 'எனது சகலனின் வீடு', 'எனது சகலனின் சமையலறை', 'எனது சகலன் படும் அவதி' என்றே உள்ளது." காணி உறுதிப் பத்திரத்தில் அவள் பெயரில் இருக்கும் வீடு. இம்முறை திரும்பப் பார் என்று நான் சொல்லவில்லை.

மூடச் சொன்னவனே திறக்கக் கேட்டு ஒரு கடிதம் எழுதலாம் என்றுதான் தாளை எடுத்தேன். மனைவி வந்து பேனையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை சபைக்கு நேரில் போய், குற்றவாளி நான்தான் என்று வாயால் சொன்னேன். அங்கிருந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அப்படியானால் நீங்களே திறந்துகொள்ளலாம் என்றார்.

வரும் வழியில் கொங்கிரீட்டைக் குத்தி உடைக்க ஒரு இரும்பு அலவாங்கு இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். சகலன் கடையைப் பூட்டிவிட்டு வந்தார். ஒருவர் குத்த, மற்றவர் கொங்கிரீட் துண்டுகளை அள்ளினோம். பத்துக் குத்துக்கு ஒரு தடவை இருவரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மனைவியின் தங்கை ஒரு பிளாஸ்டிக் கதிரையைக் கொண்டுவந்து கேற்றடியில் போட்டு உட்கார்ந்தாள். தேத்தண்ணி ஊற்றித் தரட்டுமா என்று அவள் கேட்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கான் வாய் முழுவதும் திறபடும் வரை அவள் எழும்பவே இல்லை.