குதிகால் தரையில் பட்ட நாள்

குற்றாலத்து அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிற அய்யாக்குட்டிக்கு உள்ளங்கை காய்த்து மரத்துப்போயிருந்தது. ஒத்தடத் துணி எவ்வளவு சூடு என்று அவன் கைக்குத் தெரியாது. படுத்திருக்கிற ஆள் "ஏலே, சுடுதுலே!" என்று துள்ளினால் எடுத்துவிடுவான். இருபது வருஷமாக அதுதான் அவன் அளவு, ஒருதரமும் தப்பியதில்லை.

மகள் பேராச்சிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்தே கெண்டைக்கால் இரண்டும் விறைத்து, சுவரைப் பிடித்து நின்றாலும் நுனிவிரல்தான் தரையில் படும். இரண்டு எட்டு வைப்பாள், விழுவாள். ஊரார் கால்களையெல்லாம் இளக்குகிற கை, பெற்ற பிள்ளையிடம் தோற்றுப்போனதே என்று அவனுக்கு ஆங்காரம். அவள் குதிகாலை ஊன்றி நடக்க வேண்டும். சாமியிடம் வேறெதுவும் அவன் கேட்டதில்லை.

அறுபத்தேழாம் வருஷ சீசன் கடைசியில், மதுரை டாக்டர் ஒருவர் அருவிக்கரைக் கல்லில் படுத்து முதுகைக் கொடுத்தபடி இந்தக் கதையைக் கேட்டார். "புதுசா ஒரு ஊசி வந்திருக்கு. விறைக்க வைக்கிற நரம்புல போட்டா கால் இளகிடும்" என்றார். தென்காசியில் சிநேகிதரின் ஆஸ்பத்திரி அறையில் பிள்ளையைக் குப்புறப் போட்டு, நாலு பேர் அமுக்கிப் பிடிக்க, இரண்டு முழங்காலுக்குப் பின்னாலும் குத்தினார். அவள் கத்தின கத்தலில் தெருவே எட்டிப்பார்த்தது.

"அய்யா, சாக்கடைக்கு ஊத்துத மருந்து வாடைல்லா அடிக்கு?"

"அதே ஃபீனால்தான், கம்மியா கலந்திருக்கு. கொஞ்ச மாசம் பாதத்துல வலி தெரியாது, அவ்வளவுதான்."

வலி தெரியாதாம்! அய்யாக்குட்டி காலில் விழுந்து கும்பிட்டான். அந்தப் பெரிய மனுஷர் அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாளே ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

நாலாம் நாள் பேராச்சி நின்றாள், இரண்டு குதிகாலும் தரையில் பட. தாய் உலகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இளகின காலை இன்னும் இளக்கிவிட வேண்டும் என்று அன்று சாயங்காலமே அய்யாக்குட்டி எண்ணெய் தேய்த்தான். செங்கலைச் சுட்டுத் துணி சுற்றிக் குதிகாலோடு சேர்த்து வைத்தான். முன்பெல்லாம் வைத்த மாத்திரத்தில் வீல் என்று கத்துகிறவள், இப்போது சுவரிலிருந்த பல்லியைக் காட்டிச் சிரித்தாள்.

"சுடுதாட்டீ?"

"இல்லப்பா."

வலி தீர்ந்துவிட்டது என்ற சந்தோஷத்தில் இன்னும் அழுத்தினான். கருகல் வாடைக்கு உலகம்மாள் ஓடிவந்து துணியை இழுத்தாள். தோலும் கூடவே வந்தது. அப்போதும் பிள்ளை அழவில்லை. அப்பன் முகத்தைப் பார்த்த பிறகுதான் பயந்து அழுதாள்.

புண் ஆற ஏழு மாசம் ஆனது. அதற்குள் ஊசியின் வேகம் தீர்ந்து வலியும் விறைப்பும் திரும்பிவிட்டன. ஆறின தோல் சுருங்கி இழுத்ததில் பேராச்சியால் சுவரைப் பிடித்தும் நிற்க முடியவில்லை.

அடுத்த சீசனில் டாக்டர் அதே கல்லில் வந்து படுத்தார்.

"பிள்ளைக்குக் குதிகால் இறங்குச்சா?"

"இறங்குச்சு அய்யா."

"நான்தான் சொன்னேனே!"

அய்யாக்குட்டி ஒத்தடத் துணியை எடுத்து அவர் முதுகில் வைத்தான்.

"யோவ், சுடுதுய்யா!"

கை தன்னால் எடுத்துவிட்டது. எடுக்காமல் வைத்திருந்திருக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதெல்லாம், வீட்டுக்கு வந்து பேராச்சியைக் கொல்லைப்பக்கம் தூக்கிக்கொண்டு போகும்போதுதான்.