றொபேட் மாமாவின் துவக்குக்கு ஒரு தனிக் குழி

கனடாவில் எத்தனையோ தமிழர் எத்தனையோ விதமாக வீணாய்ப் போயிருக்கிறார்கள். சிலர் லொட்டோவில், சிலர் கோயில் நிர்வாகத்தில், சிலர் வீடு வாங்கி விற்பதில். என் மாமா றொபேட் வீணாய்ப் போனது மான் சுடுகிற துவக்கில்.

மாமா என்றால் அம்மாவின் அண்ணன். மன்னாரில் பிறந்து, பத்தொன்பது வயதில் இங்கே வந்து, முதலில் உணவகத்தில் கோப்பை கழுவி, பிறகு மிசிசாகா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றத் தொடங்கி, இன்றைக்கும் அதையே ஏற்றிக்கொண்டிருக்கிற மனிதர். முழங்கால் இரண்டும் போய்விட்டன. ஆனாலும் நவம்பர் வந்தால் செம்மஞ்சள் சட்டை, செம்மஞ்சள் தொப்பி, பாதி முளைத்த தாடி. வோபர்ன் வீட்டு வாசலில் அந்தக் கோலத்தில் நின்றால் றோட்டைக் கிண்ட வந்த மாநகரசபை ஆள் என்றுதான் நினைப்பீர்கள். குப்பைத்தொட்டியை றக்கூன் உருட்டினால் கதவைத் திறந்து விரட்டுவது செலீன் மாமி. இவர் மான் வேட்டைக்காரர்.

வேட்டைக்கு ஒரு கூட்டாளியும் உண்டு. ஸாஹித் அங்கிள். ரெக்ஸ்டேலில் அடிபட்ட கார்களை நிமிர்த்திப் பெயின்ற் அடிக்கும் கராஜ் வைத்திருக்கிறார். அவரும் மன்னார்தான். தொண்ணூறாம் ஆண்டு இயக்கம் முஸ்லிம்களை ஊரைவிட்டு விரட்டியபோது, கையில் அகப்பட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறிய குடும்பம். அன்றைக்கு மாமாவுக்குப் பதினெட்டு வயது. மாமா வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்களாம். இதை அம்மாதான் எனக்குச் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. பேசுவதெல்லாம் தோட்டாவைப் பற்றி.

சனிக்கிழமை என்றால் ஸாஹித் அங்கிள் 401 நெடுஞ்சாலையைப் பிடித்து வோபர்ன் வந்துவிடுவார். மாமாவின் கராஜுக்குள் இருவரும் தோட்டா கட்டுவார்கள். கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கினால் வேலை முடிந்தது. வாங்க மாட்டார்கள். சுட்டு முடிந்த வெறும் பித்தளைக் கோதுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, கழுவி, மினுக்கி, பழைய அளவுக்கு அழுத்தி, புது வெடிமருந்து நிரப்பி, வாயில் புதுக் குண்டு செருகி, மறுபடி தோட்டாவாக்குவார்கள். கடைத் தோட்டாவைவிட இது துல்லியம் என்பது மாமாவின் வாதம். உண்மைதான். அவருக்கு மிகவும் துல்லியமாகக் குறி தவறும்.

கோதை அழுத்தும் மெஷின் மாமாவுடையது. மெஷினில் பூட்டும் அச்சு ஸாஹித் அங்கிளுடையது. கோதுகள் யாருடையவை என்று கேட்டால் இரண்டு பேருக்கும் தெரியாது. இருவரின் துவக்கும் 308 என்ற அளவு. எந்தச் சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கிற சாதாரண அளவு. ஆகவே வருடக்கணக்காகச் சேர்ந்த கோதெல்லாம் ஒரே வாளிக்குள் கிடந்தன.

இந்த மகா வேட்டைக்காரர்கள் இத்தனை வருடத்தில் விழுத்தியது ஒரேயொரு மான். ஹலிபேட்டன் காட்டில் இருவரும் ஒரே நேரத்தில் சுட்டார்கள். மான் விழுந்தது. உடம்பில் ஓர் ஓட்டை. இருவரும் சுட்டது ஒரே மேசையில் கட்டிய ஒரே தோட்டா என்பதால் யார் சுட்டது என்று கடவுளுக்குத்தான் தெரியும். ஸாஹித் அங்கிள் பிஸ்மில்லா சொல்லிச் சுட்டவர், ஆகவே இறைச்சிக் கணக்கில் அது அவருடைய மான். தலையை மாமா கராஜ் சுவரில் மாட்டியதால் சுவர்க் கணக்கில் அது மாமாவுடையது. இரண்டு குடும்பமும் சாப்பிட்டது. நான் ஒருமுறை அந்தத் தலைக்குக் கூலிங் கிளாஸ் மாட்டிவிட்டேன். ஒரு கிழமையாக இரண்டு பேரில் ஒருவரும் கவனிக்கவில்லை. இந்தக் கண்ணோடுதான் காட்டுக்குப் போகிறார்கள்.

இந்த வருடம் மாமாவின் துவக்குக் குழல் தேய்ந்துபோனது. பீற்றர்பறோ பக்கம் துவக்குத் திருத்துகிற வெள்ளைக் கிழவர் ஒருவர் இருக்கிறார். புதுக் குழல் போடலாம் என்றவர், சேம்பரை எப்படி வெட்டுவது என்று கேட்டார். சேம்பர் என்றால் குழலின் பின்பக்கத்தில் தோட்டா போய் உட்காருகிற குழி. பழையபடி 308 குழியே வெட்டலாம். அல்லது அதைக் கொஞ்சம் அகட்டி, கோதின் கழுத்தடி உட்காருகிற தோளைக் கொஞ்சம் நிமிர்த்தி, தனிக் குழியாக வெட்டலாம். தனிக் குழியில் மருந்து கொஞ்சம் கூடப் பிடிக்கும், குண்டு கொஞ்சம் வேகமாகப் போகும். இந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லை ஒருவரும் மாமாவுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

தனிக் குழிக்குள் சாதாரண 308 தோட்டாவையும் போட்டுச் சுடலாம். ஆனால் சுட்டவுடன் கோது ஊதி, குழியின் உருவத்தை எடுத்துவிடும். பிறகு அது வேறு எந்த 308 துவக்குக்குள்ளும் போகாது.

மாமா யோசித்துச் சொல்வதாக வந்துவிட்டார். அங்கேதான் லெஸ்லி நுழைந்தார்.

லெஸ்லி, செலீன் மாமியின் தம்பி. வீடு விற்கிறவர். அவருடைய கார் நம்பர் தகட்டில் அவருடைய பெயர். குசினி அவர் சொல்லிச் செய்தது, கோட்டு அவர் அளவுக்குத் தைத்தது. மகள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்குப் பிள்ளையை ஹெலிகொப்டரில் இறக்கினார். அடுத்த மாதம் வேறொருவரும் ஹெலிகொப்டரில் இறக்கிவிட்டார் என்று இன்னும் துக்கத்தில் இருக்கிறார். எங்கள் சனத்துக்கு இது ஒரு வருத்தம். மற்றவனிடம் இருக்கிற பொருள் நல்ல பொருளாக இருக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட வந்தவர் கதையைக் கேட்டார்.

“என்ன அத்தான், திருப்பியும் 308ஏ? பேஸ்மென்ற்ல வாடகைக்கு இருக்கிற பெடியளும் உதைத்தான் வச்சிருக்கிறாங்கள்.”

“அது சுடும்தானே,” என்றார் மாமா.

“சுடும். சுவரில கிடக்கிற மானை ஆர் சுட்டது? சொல்லுங்கோ பாப்பம்.”

மாமா சோற்றைப் பார்த்தார்.

“தெரியாது! ஏன் தெரியாது? ரெண்டு பேருக்கும் ஒரே சாமான். உங்களுக்கெண்டு தனிச் சாமான் இருந்தா, ஓட்டையைப் பாத்தே றொபேட்தான் சுட்டவர் எண்டு சனம் சொல்லும்.”

குழி மாறினாலும் குண்டின் பருமன் அதேதான், ஓட்டையும் அதேதான் என்பது எனக்கே தெரியும். நான் பதினோராம் வகுப்போடு நின்றவன். மாமாவுக்கும் தெரியும். ஆனால் அவர் முகம் வேறு எங்கோ போயிருந்தது.

“குழலில பேரும் வெட்டலாம் அத்தான். றொபேட் ஸ்பெஷல்.”

“கொத்துறொட்டிக் கடைப் பேர் மாதிரிக் கிடக்கு,” என்றார் செலீன் மாமி.

மாமா கேட்கவில்லை. முப்பது வருடமாக மற்றவர்களின் பெயர் ஒட்டிய பெட்டிகளைத் தூக்கிய மனிதருக்குத் தன்னுடைய பெயர் இரும்பில் தெரிந்திருக்கிறது. திங்கட்கிழமையே பீற்றர்பறோவுக்குப் போன் பண்ணித் தனிக் குழி வெட்டச் சொல்லிவிட்டார்.

சனிக்கிழமை ஸாஹித் அங்கிள் வந்தார். நான் கராஜ் படியில் இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தேன். மாமா பெரிய அரசாங்க அறிவிப்புப்போலச் சொல்லி முடித்தார்.

“உன்ர துவக்கு. உன்ர விருப்பம்,” என்றார் ஸாஹித் அங்கிள்.

“308ஐயும் அதில சுடலாம் மச்சான். ஒண்டும் மாறாது.”

“உனக்கு மாறாது. என்ர தோட்டாவை நீ சுடலாம். நீ சுட்ட கோதை நான் என்ன செய்யிறது? பூ வைக்கிறதோ?”

“நான் உனக்குப் புதுக் கோது வாங்கித் தாறன்.”

“நான் கேட்டனானே?”

பிறகு அங்கிள் வாளியை மேசையில் கவிழ்த்தார். பித்தளை கலகலவென்று கொட்டியது. உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பிரிக்கத் தொடங்கினார்.

“என்னடா செய்யிறாய்?”

“பிரிக்கிறன். பிறகு உன்ரயும் என்ரயும் கலந்து போனா என்ர துவக்கில இறுகும்.”

சத்தம் போட்டிருந்தால் மாமாவும் சத்தம் போட்டிருப்பார். இது வெறும் நியாயம். நியாயத்துக்கு எதிராக என்ன கத்துவது? மாமா மெஷின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டு நின்றார், அது ஏற்கனவே சுத்தமாக இருந்தது. அங்கிள் தன் பாதியை ஒரு ஐஸ்கிறீம் வாளிக்குள் அள்ளினார். மெஷினில் பூட்டியிருந்த அச்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். தேத்தண்ணி குடிக்காமல் போனார்.

அடுத்த சனிக்கிழமை மாமா காலையிலேயே கராஜ் கதவைத் திறந்து வைத்தார். ஒருவரும் வரவில்லை. அச்சில்லாத மெஷினின் முன்னால் ஒரு வேலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தார். செலீன் மாமியிடம் மருந்தின் ஈரப்பதம் பற்றிக் கதைக்கப் பார்த்தார், மாமி ரீவி சத்தத்தைக் கூட்டினார். என்னிடம் வந்தார்.

“இஞ்ச வா. இதைப் பிடி.”

“ஏன் மாமா, மெஷினுக்குக் காய்ச்சலே?”

“போடா நாயே.”

பிறகு இணையத்தில் தனிக் குழி வெட்டியவர்களின் கூட்டத்துக்குள் போய் இருந்தார். மொன்றானாவில் இருக்கிற ஒருவன், அவனுக்குத் தாடி மட்டும்தான் முகம், மாமாவைப் பாராட்டி எழுதியிருந்தான். மாமா அதை எனக்கு வாசித்துக் காட்டினார். வாசித்து முடிய, “இவன் ஆரெண்டே எனக்குத் தெரியாது,” என்றார். நான்தான் ஏதோ குற்றம் செய்ததுபோல என்னைப் பார்த்தார்.

அதற்கடுத்த கிழமை செலீன் மாமி வெங்காயம் வெட்டிக்கொண்டு சொன்னார்:

“ஸாஹித் அண்ணையின்ர மனிசி ஸித்தியோட கதைச்சனான். அவர் இந்த முறை வேட்டைக்குப் போகேல்லயாம். துவக்கை விக்கப்போறாராம்.”

“ஏனாம்?”

“உங்களிட்டக் கேக்கட்டாம்.”

மாமா அன்றைக்குச் சாப்பிடவில்லை என்று எழுத ஆசை. இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டார். அவர் அப்படித்தான். கவலை வந்தால் வாயை மூடத் தெரியாது.

பீற்றர்பறோக் கிழவரின் போன் வந்தது. மாமா ஸ்பீக்கரில் போட்டார். செவ்வாய்க்கிழமை வெட்டப்போகிறேன், கடைசியாக ஒருமுறை கேட்கிறேன் என்றார் கிழவர். சாதாரணக் குழியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் அகட்டலாம். அகட்டிய குழியைச் சுருக்க முடியாது, போன இரும்பு போனதுதான்.

மாமா முன் ஜன்னலடிக்குப் போனார். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, பக்கத்து வீட்டு வானும் குப்பைத்தொட்டியும்தான். கிழவர் இரண்டு தரம் “ஹலோ” என்றார்.

“ஸ்ராண்டர்ட்,” என்றார் மாமா. “ஸ்ராண்டர்ட், பிளீஸ். நோ நேம்.”

ஒரு மாதமாக வீட்டையே அறுத்த மனிதர், கோப்பிக் கடை ஜன்னலில் ஓடர் கொடுப்பதுபோல முடித்துவிட்டார். பிறகு என்னைக் காரில் ஏறச் சொன்னார். ரெக்ஸ்டேலுக்கு இருநூறு தரம் போயிருப்பார், வழி சொல்ல ஆள் வேண்டுமாம்.

ஸாஹித் அங்கிள் ஒரு கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“என்ன இந்தப் பக்கம்?”

“கார்ல ஒரு கீறல்.”

அங்கிள் வந்து குனிந்து பார்த்தார். “உது போன வருசக் கீறல்.”

“ஓம். இப்பத்தான் கண்டனான்.”

அங்கிள் திரும்பிப் போய்த் தேய்த்தார். மாமா பின்னால் போய் நின்றார்.

“குழல் வெட்டியாச்சே?” என்றார் அங்கிள், நிமிராமலே.

“எங்க! அந்தக் கிழவன்ர தனிக் குழி வெட்டுற சாமான் உடைஞ்சு போச்சாம். அமெரிக்காவில இருந்து புதுசு வர ஒரு வருசமாம். ஆர் பாத்துக்கொண்டு இருக்கிறது? 308ஐயே வெட்டு எண்டிட்டன்.”

“உடைஞ்சு போச்சோ?”

“ஓம்.”

“உருக்கெல்லோ அது. எப்பிடி உடையும்?”

“எனக்கென்ன தெரியும்? கீழ விழுந்திருக்கும்.”

“பாவம்,” என்றார் ஸாஹித் அங்கிள்.

அங்கிள் கதவின் மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

“நீ துவக்கு விக்கிறியாம்,” என்றார் மாமா.

“ஆர் சொன்னது?”

“ஸித்தி.”

“ஒருத்தன் வந்து பாத்தவன். அவன்ர மூஞ்சி எனக்குப் பிடிக்கேல்ல.” அங்கிள் தூசியைத் தட்டிக்கொண்டு எழும்பினார். “சனிக்கிழமை அச்சைக் கொண்டுவாறன். உன்ர மெஷினுக்கு எண்ணெய் விட்டு வை. கழுதை மாதிரிக் கத்துது.”

இவ்வளவு கேவலமாகப் பொய் சொல்கிற இரண்டு பேரை நான் பள்ளிக்கூடத்தில்கூடக் கண்டதில்லை. படிப்பித்துவிட வேண்டும்போல இருந்தது. நான் வெளியே போய்க் காருக்குள் இருந்தேன். அவர்கள் வரக் கனநேரம் எடுத்தது.

ஒக்ரோபரில் நன்றி தெரிவிக்கும் நாள் விருந்து லெஸ்லியின் வீட்டில். அவர் சொல்லிச் செய்த குசினியில் வான்கோழிக் கறி. முப்பது பேர் இருந்தார்கள். லெஸ்லி எல்லோருக்கும் கேட்கிற மாதிரித் தொடங்கினார்.

“எங்கட அத்தான் தனித் துவக்குச் செய்யிறன் எண்டு வெளிக்கிட்டவர். கடைசி நேரத்தில பின்வாங்கிட்டார். என்ன அத்தான், பயந்திட்டியளோ?”

சனம் சிரித்தது. மாமாவிடம் அந்த உடைந்த சாமான் கதை இருந்தது. ஒருமுறை சொல்லிப் பழகியும் இருந்தார். எடுத்து விடுவார் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஓம்,” என்றார் மாமா. “பயந்திட்டன்.”

லெஸ்லிக்குப் பெரிய சந்தோஷம். மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். எதற்குப் பயந்தது என்று அந்த முப்பது பேரில் ஒருவரும் கேட்கவில்லை. மாமா வான்கோழிக் காலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். செலீன் மாமி அவர் சாப்பாட்டுக் கோப்பையில் இன்னொரு துண்டு வைத்தார்.

சிரித்துக் களைத்த லெஸ்லி தன்னுடைய கோலாவை எடுத்து ஒரே இழுப்பாக இழுத்து, கார்பெற் எல்லாம் துப்பினார். உப்பாம். யார் போட்டார்களோ, எனக்குத் தெரியாது.